ஆறு அங்குலம்

மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய கையேட்டைக் கிருபைநல்லூரில் முதலில் படித்து முடித்தவை கருவிகள்தாம். மனிதர்கள் அதற்குப் பிறகுதான் படித்தார்கள். அவர்களிலும் பாதிப் பேர் படங்களை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்தார்கள்.

கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்ற எமிமாள், சோம்பிப்போன இதயத்துக்குத் தாளம் சொல்லித்தர இடது காறையெலும்புக்குக் கீழே வைத்துத் தைக்கப்பட்ட பேஸ்மேக்கருடன் தூத்துக்குடியிலிருந்து வீடு வந்து சேர்ந்த செவ்வாய்க்கிழமை பிற்பகலில், எதிர்வீட்டுச் சலோமி நலம் விசாரிக்க வந்து, அவர் சாய்ந்திருந்த கட்டிலில் ஒட்டி உட்கார்ந்து, கையிலிருந்த மொபைலைத் தலையணை ஓரமாக வைத்தாள். தனக்குரியதல்லாத நாற்காலியில் அமர்ந்துவிட்டதை உணர்ந்த விருந்தாளி மெல்ல எழுந்து வேறிடம் போவதைப்போல, அந்த மொபைல் விரிப்பைச் சுருக்காமல், ஓசைப்படாமல் நகர்ந்து சென்று ஓரிடத்தில் நின்றது.

"என்ன மதினி இது, ஒங்களக் கண்டு ஓடுது?"

"ஓடலை. தள்ளி நிக்குது. அந்த அடிக்கோலை எடுத்துக் குடு."

ஆய்வகத்தை விட்டு வரும்போது எமிமாள் கேட்டு வாங்கிக்கொண்ட ஒரே பொருள் அந்த ஓரடி மரக்கோல். தையலின் ஓரத்திலிருந்து மொபைலின் விளிம்பு வரை வைத்துப் பார்த்தார். ஆறு அங்குலம், நூலளவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கையேட்டின் நான்காம் பக்கத்திலும், பொருள் என்று ஒரு கட்டமும் தூரம் என்று ஒரு கட்டமுமாகப் போட்டிருந்த அட்டவணையில், மொபைலுக்கு நேரே ஆறு அங்குலம் என்றுதான் அச்சிட்டிருந்தது.

"படிச்சிருக்கு," என்றார் எமிமாள், முன்பே பாடம் தயாரித்துக்கொண்டு வந்த மாணவியிடம் காட்டும் அதே அளவான திருப்தியோடு.

மறுநாள் சமையலறையில் மின்தூண்டல் அடுப்பு அவரைக் கண்டதும் மேடையின்மேல் பின்வாங்கி இரண்டடியில் நின்றது, ஏனென்றால் அட்டவணையில் அதற்கு இரண்டடி. பயமில்லை என்று கையேடு சொல்லியிருந்த மிக்ஸியும் குளிர்பெட்டியும் தொலைக்காட்சியும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அதுதான் எமிமாளுக்கு முழு நம்பிக்கையைத் தந்தது. மிரண்டவையாக இருந்தால் எல்லாமே ஓடியிருக்கும். விதியைப் படித்தவற்றில் மட்டுமே ஓட வேண்டியது ஓடும், நிற்க வேண்டியது நிற்கும்.

தெரு இதற்குப் பழகிக்கொள்ள ஒரு மாதம்கூட ஆகவில்லை. தெருமுனையில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த, சலோமியின் கணவர் யாபேஸின் இயந்திரம், எமிமாள் கோயிலுக்குப் போகும்போதும் வரும்போதும் தீப்பொறி விட மறுத்தது. யாபேஸ் அதோடு மல்லுக்கு நிற்காமல் அந்த இரண்டு வேளையையும் தம் டீக்கான நேரமாக ஆக்கிக்கொண்டார். கோயிலின் ஒலிபெருக்கிப் பெட்டிகள் எமிமாள் முன்வரிசையில் வந்து அமர்ந்ததும் சிமென்ட் தரையைக் கீறிக்கொண்டு பின்னால் போனதால், சபைக் கமிட்டி கூடிப் பேசி, அவற்றுக்கு அடியில் பழைய சாக்குகளைப் போட்டது. சபைப் போதகரான ஐயர், எமிமாள் அம்மா உட்காரும்வரை முதற்பாட்டைத் தொடங்காமல் காத்திருந்தார். திருச்செந்தூர் ஜவுளிக்கடை வாசலில் திருட்டைக் கண்டுபிடிக்க நிறுத்தியிருந்த இரண்டு தூண்களும், நின்று யோசிக்காமல் நடந்து கடக்க வேண்டும் என்று கையேடு சொன்னதை அறிந்து, அவர் நடந்து கடக்கும்வரை அகன்று வழிவிட்டன. காவலாளி தூண்களைப் பார்த்துவிட்டுத் தானும் ஒதுங்கி நின்றார். உயர்நிலைப்பள்ளித் தலைமையாசிரியர் ஐசக்கு பொதுத்தேர்வன்று எமிமாளைத் தேர்வறைக்குள் ஒருமுறை உலவிவரும்படி கேட்டுக்கொண்டபோது, ஒளித்து வைத்திருந்த இரண்டு மொபைல்கள் ஊர்ந்து வெளியே வந்தன. இரண்டும் கண்காணிப்பாளர்களாக வந்திருந்த ஆசிரியர்களுடையவை.

"பிள்ளைகளைப் பிடிக்கப் போய் வாத்தியார்களைப் பிடிச்சுக் குடுத்துட்டியளே, அக்கா," என்றார் ஐசக்கு.

"நான் பிடிக்கலை, சார். அதது தன் சட்டத்தைக் கடைப்பிடிச்சது."

எல்லாவற்றிலும் எமிமாளை உருக்கியது தெரு தானாக ஏற்படுத்திக்கொண்ட ஒரு வழக்கம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு தாம்பாளம் வந்தது. எமிமாள் தெருவில் இறங்குவதைக் கண்டதும் உள்ளே இருப்பவர்கள் தங்கள் மொபைல்களைக் கொண்டுவந்து அதில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு அவரை உள்ளே அழைத்தார்கள். போன் தட்டு என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். அந்த ஆண்டு மணமாகிப் போன பெண்ணுக்குச் சீரோடு ஒரு போன் தட்டும் கொடுத்தனுப்பினார்கள். தட்டில் எல்லா மொபைல்களும் முகம் குப்புறவே கிடந்ததை எமிமாள் கவனித்தார். திரை கீறிவிடக் கூடாதென்ற கவனம் என்று எடுத்துக்கொண்டார். கவனமானவர்களை அவருக்குப் பிடிக்கும்.

அவர் கணவர் பொன்னுத்துரையும் கவனமானவர்தான். முப்பத்தாறு ஆண்டுகள் தபால்காரராகத் தேரிக்காட்டுச் செம்மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரிந்தவர். பெயர் மட்டும் எழுதி ஊர் எழுதாத கடிதத்தைக்கூட ஆளைத் தேடிக் கொடுத்தவர். அவர் பையில் போன கடிதம் ஒன்று போய்ச் சேரவில்லை என்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் எவரும் சொன்னதில்லை. எமிமாள் வீடு திரும்பிய அன்றே அவர் தம் பாயைச் சுருட்டி முன்னறைக்குக் கொண்டுபோனார்.

"எதுக்கு வம்பு, எமி. நானும் கொஞ்சம் தள்ளியே படுத்துக்கிடுதேன்."

"நீங்க என்ன கரண்டுல ஓடுற சாமானா?"

"சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தானே."

எமிமாள் சிரித்தார். அவர் சிரித்து நெடுநாள் ஆகியிருந்தது. சரியாகச் சொன்னால், ஒன்பது ஆண்டுகள்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், கல்லூரியின் செய்முறைத் தேர்வில், அவர்களுடைய ஒரே மகன் எபன் ஊசல் பரிசோதனைக்கு இருபது அலைவுகளின் நேரத்தை அழகான கட்டங்களில் எழுதிக் கொடுத்தான். அவன் மேசையிலிருந்த நிறுத்துக் கடிகாரம் ஓடாது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை; பழுது பார்க்க அனுப்ப வேண்டிய அதைத் தவறுதலாக அந்த மேசையில் விட்டிருந்த எமிமாளுக்குத் தெரிந்திருந்தது. ஊசலைத் தொடாமலே எழுதிய எண்கள் அவை. அவர் ஒரு நிமிடம் நின்றார். பிறகு வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளரிடம் போய்ச் சொன்னார். எபனுக்கு இரண்டு ஆண்டுகள் தேர்வெழுதத் தடை விதித்தார்கள். அவன் மறுநாள் ஒரு பையோடு போனவன்தான். மஸ்கட்டுக்குப் போய்விட்டான் என்று யாரோ சொன்னார்கள். அவன் பேசவே இல்லை.

மூன்றாம் ஆண்டில் எமிமாள் ஒரு கடிதம் எழுதினார். அரைப் பக்கம். நான் செய்தது சரி, ஆனாலும் நீ வா என்பதுதான் அதன் சாரம். அந்த ஆனாலும் என்ற சொல்லை எழுத அவருக்கு ஒரு வாரம் ஆனது. முகவரியைக் கண்டுபிடித்து அனுப்பும்படி கணவரிடம் கொடுத்தார். ஒரு மாதம் கழித்து, அந்த முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பிவிட்டதாகப் பொன்னுத்துரை சொன்னார். திரும்பிய கடிதத்தைக் காட்டுங்கள் என்று எமிமாள் கேட்கவில்லை. தபால்காரரிடம் எவரும் அப்படிக் கேட்பதில்லை. அதற்குப் பிறகு, மாலையில் முன்னறை மேடையிலிருந்த வீட்டு மொபைலை ஒருமுறை பார்ப்பதும், "வந்துதா?" என்று கேட்பதும், "இல்லை" என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு விளக்கேற்றப் போவதும் அவருடைய நாளின் ஒரு பகுதியாயின. மருத்துவர் இதயத்தின் மின்னோட்டம் பலவீனமாகிவிட்டது என்றபோது அவர் வியக்கவில்லை. இந்தக் கருவியோடு பத்து ஆண்டு இருக்கலாம் என்றபோது மட்டும், பத்து ஆண்டுக்குள் அவன் ஒருமுறையாவது வருவான் என்று மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டார்.

அவ்வாண்டு அசனம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. ஊர் முழுவதும் கோயில் வளாகத்தில் பந்திப்பாய் விரித்து ஒன்றாக அமர்ந்து உண்ணும் அந்த விருந்துக்குப் பிற்பகல் நான்கு மணிக்கே ஆட்கள் திரண்டார்கள். வாசலில் சபையின் பெரிய காணிக்கைத் தாம்பாளமே போன் தட்டாக வைக்கப்பட்டிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட மொபைல்கள் முகம் குப்புறக் கிடந்தன. பொன்னுத்துரை வீட்டு மொபைலை எல்லோரும் பார்க்க அதன்மேல் வைத்துவிட்டுப் பந்தியில் போய் அமர்ந்தார். பாரம் தூக்கக் கூடாதென்பதால் எமிமாளுக்கு உப்பு வைக்கும் வேலை கொடுத்திருந்தார்கள். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாலும் இலையின் மூலை எங்கே இருக்கிறதென்பது அவருக்குத் தெரியும். இலைக்கு இலை ஒரே அளவாக உப்பு வைத்துக்கொண்டு வந்தார்.

கணவரின் இலைக்குக் குனிந்த நேரத்தில், குழம்பு வாளியோடு பின்னால் வந்த யாபேஸ், "மதினி, கொஞ்சம் ஒதுங்குங்க, சூடு," என்றார். எமிமாள் ஒதுங்கினார். ஒதுங்கியதில் அவருடைய இடது தோள் கணவரின் தோளில் பட்டது. பொன்னுத்துரையின் சட்டைப் பையிலிருந்து, மேலே போட்டிருந்த துண்டை விலக்கிக்கொண்டு, எமிமாள் இதுவரை பார்த்தேயிராத ஒரு மொபைல் ஏறி வெளியே வந்தது. சட்டையில் சறுக்கி, மடியில் இறங்கி, இலையைச் சுற்றிக்கொண்டு போய், பாயின்மேல் நின்றது. நின்றதும் மணியடித்தது.

சோறு போட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். திரையில் ஏதோ ஒரு படம் ஒளிர்ந்தது. கண்ணாடி இல்லாததால் எமிமாள் குனிந்தார். அவர் குனிந்த அளவு அது விலகியது. இன்னும் குனிந்தார், இன்னும் விலகியது. மணியடித்துக்கொண்டே அது இலைகளுக்கு நடுவே பின்னோக்கிப் போக, அவர் உப்புக் கிண்ணத்தை இடது கையில் பிடித்தபடி முழங்காலில் அதன் பின்னே போக, பந்தியில் இருந்தவர்கள் எந்த வியப்பும் இல்லாமல் இலைகளைத் தூக்கி இருவருக்கும் வழிவிட்டார்கள். கடைசி இலையைத் தாண்டி வெயில் விழுந்த இடத்துக்கு வந்தபோதுதான் படம் அவருக்குத் துலங்கியது. நெற்றி ஏறிப்போன ஓர் ஆண். பக்கத்தில் ஒரு பெண். ஆணின் தோளில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி, எமிமாளின் தாடையோடு. மேலே, கண் மங்கியவர்களுக்கான பெரிய எழுத்தில், எபன்.

இதயம் தன் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தால் அந்த இடத்தில் நின்றிருக்கும். விதியைப் படித்திருந்த கருவி அதை நிற்க விடவில்லை.

கையேட்டின் ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரி உண்டு: இடப்பக்கம் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் மொபைலை வலது காதில் வைத்துப் பேசலாம். எமிமாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். வலது கையை முழு நீளத்துக்கு நீட்டினார். மொபைல் அசையாமல் இருந்து, எடுக்கப்பட்டு, வலது காதுக்குப் போனது.

"அப்பா, அசனம் ஆரம்பிச்சாச்சா? ஒரே சத்தமா இருக்கும்னு நெனச்சேன், அமைதியா இருக்கு." குரல் தடித்திருந்தது. "அம்மா பக்கத்துல இல்லல்லா? இன்னைக்காவது கேட்டுப் பாத்தியளா? என்கூடப் பேசுதேன்னு சொன்னாளா?"

எமிமாள் பந்தியைப் பார்த்தார். எவரும் சாப்பிடவில்லை. எவரும் வியக்கவும் இல்லை.

"எபன், நான் அம்மா."

அந்தப் பக்கத்தில் ஒரு சிறுமி ஏதோ கேட்டாள்; யாரோ அவளை அடக்கினார்கள்.

"வச்சிராதீங்கம்மா," என்றான் அவன்.

"நான் ஏன் வைக்கப் போறேன்? மூணாம் வருஷம் ஒரு லெட்டர் எழுதினேனே. அதுக்கு நீ ஏன் பதில் போடலை?"

"எந்த லெட்டர்?"

எமிமாள் வரிசையின் நடுவே இருந்த கணவரைத் திரும்பிப் பார்த்தார். பொன்னுத்துரை தம் இலையின் மூலையில் இருந்த உப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை இதே நேரத்துக்குக் கூப்பிடு," என்றார் எமிமாள் காதிலிருந்த மொபைலிடம். "நான் எடுப்பேன்."

பேச்சு முடிந்தபின் முதலில் வாய் திறந்தவள் சலோமி. கையிலிருந்த அப்பளக் கூடையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, "ஒங்க நெஞ்சு தாங்காதுன்னுதான் மதினி, நாங்க ஒருத்தரும்…" என்றாள்.

"இந்தக் கருவியை வச்சு எத்தனை மாசமாச்சு, சலோமி?"

"நாலு."

"அவன் எத்தனை வருஷமாப் பேசுதான்?"

சலோமி யாபேஸைப் பார்த்தாள். யாபேஸ் குழம்பு வாளியைக் கீழே வைத்தார். "ஏழு, மதினி. வெள்ளிக்கிழமைதோறும் அண்ணன் நம்ம பட்டறைலதான் இருந்து பேசுவாரு. போனும் அங்கதான் இருக்கும். இன்னைக்கு அசனத்துக்காகப் பட்டறையைப் பூட்டிட்டேன்."

"அப்போ ஆறு வருஷமும் எட்டு மாசமும் என் நெஞ்சு நல்லாத்தான் இருந்திருக்கு," என்றார் எமிமாள்.

அவர் உப்புக் கிண்ணத்தைச் சலோமியின் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்ப் பெரிய தாம்பாளத்தின் முன் நின்றார். வலது கையை நீட்டி, ஒரு மொபைலைப் புரட்டினார். திரையில் அந்தத் தாடைக்காரச் சிறுமி கைக்குழந்தையாகப் பல் முளைக்காத வாயோடு சிரித்தாள். இன்னொன்றைப் புரட்டினார், அவளே கடற்கரையில் நின்றாள். மூன்றாவதில் அவளுக்கு ஞானஸ்நானம் நடந்துகொண்டிருந்தது. ஊர் முழுவதும் அவளை வளர்த்துக்கொண்டிருந்தது. அவர் நான்காவதைப் புரட்டவில்லை. குப்புறக் கிடக்கும் மற்றவற்றைக் குப்புறவே விட்டு, புரட்டிய மூன்றையும் முன்போலவே கவிழ்த்து வைத்துவிட்டு, புதிய மொபைலை வலது கையில் ஏந்தியபடி வீட்டுக்கு நடந்தார். அவர் தெருவைக் கடந்தபோது வாசலுக்கு வாசல் தாம்பாளங்கள் வெயிலில் பளபளத்தன.

பொன்னுத்துரை அரைமணி நேரம் கழித்து வந்தார். உள்ளே வராமல் வாசற்படியில் நின்றார்.

"முதல்ல அவனேதான் சொல்லாதீங்கன்னான்," என்றார். "ஒரு வருஷம். பிறகு அவன் மாறிட்டான். நான்தான், நீ பேச மாட்டேங்குறன்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

அவர் நெடுநேரம் யோசித்தார், பெயர் அழிந்த கடிதத்தை வைத்துக்கொண்டு எந்த வீடென்று யோசிப்பதைப்போல.

"நீ பேச ஆரம்பிச்சா ரெண்டு பேரும் பேசுவீங்க. நான் போனை எடுத்துக் குடுக்கிற ஆளாயிருவேன். முப்பத்தாறு வருஷமா அடுத்தவங்களுக்கு வந்ததையே கொண்டுபோய்க் குடுத்தேன், எமி. இது ஒண்ணுதான் எனக்குன்னு வந்தது."

"எனக்கு வந்ததும் அதுலதானே இருந்தது," என்றார் எமிமாள்.

பொன்னுத்துரை உள்ளே வந்து, முன்னறைப் பரணிலிருந்து தம் பழைய காக்கிப் பையை இறக்கி, அடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, மறுபடி வாசற்படிக்கே போய் நின்றார். உறையின் ஒட்டிய வாய் ஒட்டியபடியே இருந்தது. அவர் அதைப் பிரிக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. அந்த அளவுக்கு அவர் தபால்காரராகவே இருந்தார். முகப்பில் எமிமாளின் கையெழுத்தில் மகனின் பெயர் மட்டும். முகவரியின் இடம் காலி. மூலையில், எந்த முத்திரையும் விழாத தபால்தலைகள் ஆறும் வாங்கிய நாளைப்போலவே புதிதாக இருந்தன.

எமிமாள் அதை எடுத்துக் கையேட்டுக்குள், நான்காம் பக்கத்தில் வைத்தார். அந்தப் பக்கத்தில், மொபைலுக்கும் அடுப்புக்கும் வெல்டிங் இயந்திரத்துக்கும் கீழே, உங்கள் மருத்துவர் குறிப்பிடும் பிற பொருட்கள் என்று ஒரு வரிசை காலியாக விடப்பட்டிருந்தது. மேசையைச் சுற்றி வீட்டின் கருவிகள் எல்லாம் தத்தம் தூரத்தில் நின்றன. புதிய மொபைலும் வந்த அன்றே விதியை அறிந்துகொண்டு ஆறு அங்குலத்தில் அமர்ந்திருந்தது. எமிமாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேனாவைத் திறந்து, பொருள் என்ற கட்டத்தில், பிசிறில்லாத ஆய்வக எழுத்தில், பொன்னுத்துரை என்று எழுதினார். பிறகு தூரத்தை அளப்பதற்காக மரக்கோலை எடுத்துத் தம் நெஞ்சில் ஒரு முனையை வைத்து, வாசற்படியை நோக்கி நீட்டிப் பிடித்தார்.

அந்தக் கோல் பன்னிரண்டு அங்குலத்தோடு முடிந்துபோனது.